கணினிக்கும் அரைப்பேரா?

தேயிலைத் தோட்டத்திலே 'அரைப்பேர்' என்றொரு வழக்கு உண்டு. விதிக்கப்பட்ட கிலோக் கணக்கைப் பறித்த கொழுந்து எட்டாவிடின், காலை முதல் மாலை வரை மலையில் நின்றவளுக்கும் அன்றைய பேர் பாதியாகவே விழும். மலையில் கொழுந்து இருந்ததா, வரட்சியா, செடிக்கு வயதென்ன என்பவை அந்தக் கணக்கிற் சேர்வதில்லை. இதே நியாயம் இன்று கணினி உலகிலும் நடமாடுகின்றது. ஆனால் அங்கே அரைப்பேர்கூட விழுவதில்லை. இயந்திரம் வாசலிலேயே திருப்பி அனுப்பப்படுகின்றது.

மனிதர் எழுதும் நிரலைப் புரொசசர் விளங்கிக்கொள்ளும் அறிவுறுத்தல்களாக மாற்றுவது கொம்பைலர் எனப்படும் தொகுப்பான். 1987இல் றிச்சாட் ஸ்டால்மன் வெளியிட்ட ஜிசிசி அவற்றுள் பெயர் பெற்றது. எவ்வாறு மாற்றுவது என்பதைத் தெரிவுகள் மூலம் அதற்குச் சொல்லலாம். 'ஓ2' என்றால் அளவான உகப்பாக்கம். 'ஓ3' என்றால் மேலும் தீவிரமானது. 'மார்ச்' என்றொரு தெரிவும் உண்டு. இது மாதத்தின் பெயரன்று. எந்தப் புரொசசருக்காகத் தொகுப்பது என்பதைக் குறிப்பது. 'மார்ச் நேட்டிவ்' என்று கொடுத்தால், தொகுப்பு நடைபெறும் இயந்திரத்திலுள்ள புதிய அறிவுறுத்தல்கள் அனைத்தையும் தொகுப்பான் தயக்கமின்றிப் பயன்படுத்தும். அவ்வாறு பிறந்த நிரலைப் பழைய இயந்திரத்திற்குக் கொண்டுசென்றால் 'சட்டவிரோத அறிவுறுத்தல்' என்ற ஒரு வரியுடன் அது நின்றுவிடும். சட்டத்தை இயற்றியவர் யார் என்று கேட்கத் தோன்றுகின்றது.

இயற்றியவர்கள் உளர். 2020இல் இன்டெல், ஏஎம்டி, றெட் ஹற், சூசே ஆகியவை சேர்ந்து 64 பிற் புரொசசர்களை நான்கு படிகளாக வகுத்தன. இரண்டாம் படிக்குரிய அறிவுறுத்தல்கள் இன்டெல் புரொசசர்களில் 2008இன் இறுதியிலே முழுமை பெற்றன. மூன்றாம் படிக்குரியவை 2013இல் வந்தன. அதன் பின்னர் விற்கப்பட்ட மலிவான செலரான், பென்டியம் பலவற்றில் அவை இல்லை. 2022இல் வந்த றெட் ஹற் லினக்ஸ் 9 இரண்டாம் படியையும், 2025இல் வந்த பத்தாம் பதிப்பு மூன்றாம் படியையும் கட்டாயமாக்கின. விண்டோஸ் 11இன் 2024ஆம் ஆண்டுப் பதிப்போ இரண்டாம் படிக்குரிய சில அறிவுறுத்தல்கள் இல்லாத இயந்திரத்தில் எழும்பவே மறுக்கின்றது. 2006இல் வந்த கோர் 2 டுவோவுக்கு இவற்றுள் எதிலும் இடமில்லை.

"வளர்ச்சி என்றால் அப்படித்தான், பழையதை எறிந்துவிட்டுப் புதியதை வாங்குங்கள்" என்பர் ஒரு சாரார். இதனைக் கொழும்பில் இருந்து சொல்வது எளிது. கொழும்பு அலுவலகங்களும் வெளிநாட்டு அன்பர்களும் கழித்துவிட்ட கணினி நுவரெலியா மாவட்டத்துத் தோட்டப் பாடசாலைக்கு வந்து சேர்வது புதுமையன்று. 2021இல் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபா ஆயிற்று. அடுத்த ஆண்டே டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவரை ஏறியது. லயன் வீட்டுப் பிள்ளைக்குப் புதிய கணினி வாங்குமாறு உபதேசிப்பவர் இந்த இரு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தல் நன்று.

அன்றியும், இவ்வளவு பேரை வெளியேற்றிப் பெற்ற வேகம் எவ்வளவு? 2025இல் உபுண்டு மூன்றாம் படிக்கெனத் தனியாகத் தொகுத்த பொதிகளை வெளியிட்டபோது, பெரும்பாலானவற்றில் கிடைத்த முன்னேற்றம் ஏறக்குறைய 1 விழுக்காடே என அறிவித்தது. எண் கணிப்பு மிகுந்த நிரல்களில் பயன் இதனினும் கூடுதல் என்பது மெய். அதை மறுப்பது நேர்மையாகாது. ஆனால் கடிதம் தட்டவும் பாடநூல் வாசிக்கவும் மூன்றாம் படி எதற்கு? உபுண்டு பழைய பொதிகளையும் கைவிடாது வைத்துக்கொண்டது. றெட் ஹற்றின் வழிவந்த அல்மாலினக்ஸும் தன் பத்தாம் பதிப்பை இரண்டாம் படிக்கெனத் தனியே தொகுத்து வழங்குகின்றது. முடியாததன்று, செய்ய மனமில்லாததே.

தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்திலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிறுவகத்தார் எல்லா மலைக்கும் ஒரே கன்றைச் சிபாரிசு செய்வதில்லை. 600 மீற்றருக்குக் கீழ் ஒன்று, 1,200 மீற்றருக்கு மேல் வேறொன்று என்று உயரமும் மண்ணும் மழையும் பார்த்தே சொல்வர். அந்த அறிவு தொகுப்பானுக்கு முன் அமர்பவருக்கு இல்லாமற் போவானேன்?

நமது பல்கலைக்கழகங்களிலும் ஒரு மயக்கம் உலவுகின்றது. 'ஓ3'உம் 'நேட்டிவ்'உம் இட்டுவிட்டாற் போதும், நிரல் பறக்கும் என்பது அது. 'ஓ3' சில வேளை நிரலைப் பருக்க வைத்து, சிறிய இடைநினைவகம் கொண்ட பழைய புரொசசரில் 'ஓ2'ஐ விட மெதுவாக ஓடச் செய்யும். 'நேட்டிவ்' என்பதோ, தொகுக்கும் இயந்திரமே ஓட்டும் இயந்திரமாகவும் இருக்கும்போது மட்டும் சரியானது. தன் மேசையிலுள்ள புதிய கணினியில் அப்படித் தொகுத்ததைத் தோட்டப் பாடசாலைக்கு அனுப்பிவிட்டு, "உங்கள் கணினி பழுது" என்பது கைப்பிழையைக் கணினியின் தலையிற் கட்டுவதாகும்.

கலைப் பீடத்தாருக்கு இதில் என்ன வேலை என்று கேட்போர் இருக்கலாம். எவரை உள்ளே விடுவது, எவரை வெளியே நிறுத்துவது என்பது எண்கணித வினா அன்று.

செய்யத்தக்கவை கடினமானவையும் அல்ல. பொதுவான அடிப்படைக்குத் தொகுத்து, 'எம்டியூன்' தெரிவால் ஒரு புரொசசருக்கு ஏற்பச் செப்பனிட்டால், எந்த இயந்திரமும் விலக்கப்படாது. ஒரே நிரலுக்குள் ஒரு செயலின் பல வடிவங்களை வைத்து, ஓடும் வேளையிற் புரொசசரைப் பார்த்துத் தெரிந்தெடுக்கும் வசதி 2016 முதல் ஜிசிசியில் எளிதாகவே உண்டு. பழைய கணினியிலே நாட்கணக்கில் தொகுக்க வேண்டியதும் இல்லை. வேகமான கணினியில் இருந்துகொண்டு 'மார்ச் கோர்2' என்று பெயர் குறித்துத் தொகுக்கலாம். லினக்ஸ் இயந்திரத்தில் சிபியூஇன்ஃபோ என்ற கோப்பைத் திறந்தால், புரொசசரின் பெயரும் அது அறிந்த அறிவுறுத்தல்களும் அங்கேயே எழுதியிருக்கும். ஹட்டனிலிருந்து ஓர் ஆசிரியர் அந்தச் சில வரிகளை அனுப்பிவிட்டால், பேராதனையில் இருந்தபடியே அந்தப் பாடசாலைக்கு ஏற்றதைத் தொகுத்துக் கொடுத்துவிடலாம். அனுப்பும்படி இதுவரை அவரை யார் கேட்டார்கள்?