110 கிலோமீற்றர் கடலும் பழகிப்போன காத்திருப்பும்

ஐப்பசி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்று. முற்பகல் பத்து மணியிருக்கும். அம்மாவும் நானும் ஆட்டோவில் தெல்லிப்பழைச் சந்தியைக் கடந்து காங்கேசன்துறைப் பக்கம் போய்க்கொண்டிருந்தோம். அம்மாவின் மடியில் ஒரு பை. அதற்குள் பனங்கட்டி, பனாட்டு, வீட்டில் இடித்த மிளகாய்த்தூள், கலியாணப் பெண்ணுக்கு ஒரு கூறைச் சேலை. மதியக் கப்பலில் நாகபட்டினம், இரவோடிரவாகத் திருச்சி, ஞாயிறு காலை கலியாணம், செவ்வாய்க்கு முன் வீடு. வார இறுதிப் பயணம் என்று வெளிநாட்டில் இருக்கிறவர்கள் சொல்வார்களே, அதுதான் எங்கள் திட்டம்.

எதிரே திரும்பி வந்த ஆட்டோ ஒன்று எங்களைக் கண்டு நின்றது. "கப்பலுக்கோ? இண்டைக்கு ஓடாதாம். கடல் கொந்தளிப்பாம்."

பயணச்சீட்டு எடுத்துத் தந்த முகவருக்குத் தொலைபேசி எடுத்தேன். "நேற்று பின்னேரமே தகவல் வந்தது அண்ணை. உங்களுக்கு அனுப்ப மறந்துபோனன்" என்றார். அவருடைய தொலைபேசி இலக்கத்தைத்தான் பதிவில் கொடுத்திருந்தார். அதனால் என் கைப்பேசிக்கு எதுவும் வரவில்லை. கடல் கொந்தளித்தது யாருடைய பிழையும் இல்லை. ஆனால் அந்தத் தகவல் எங்களிடம் வந்திருந்தால் வியாழன் மாலையே வேறு வழி தேடியிருக்கலாம்.

பலாலி விமானத்தில் இடமில்லை. மிஞ்சியது கட்டுநாயக்கா. வடக்கே 110 கிலோமீற்றர் கடலைத் தாண்ட வேண்டியவர்கள், ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தெற்கே போய் அங்கிருந்து மீண்டும் வடக்கே பறக்க வேண்டும். சனி காலை விமானத்துக்கு இரட்டிப்பு விலையில் சீட்டு எடுத்தோம். இரவுப் பேருந்து மதவாச்சி தாண்டியதும் பழுதாகி நின்றது. சாரதியும் நடத்துநரும் இருட்டில் டோர்ச் வெளிச்சத்தில் மூன்று மணித்தியாலம் மினக்கெட்டார்கள். நாங்கள் விமான நிலையத்துக்குள் ஓடியபோது கருமபீடத்தை மூடிவிட்டிருந்தார்கள். விமானம் இன்னும் நிலத்தில்தான் நின்றது. எங்களுக்கு அது போய்விட்டது.

ஞாயிறு காலை நீர்கொழும்பில் ஒரு விடுதி அறையில் இருந்து கைப்பேசியில் தாலி கட்டுவதைப் பார்த்தோம். சின்னம்மா திரையில் அம்மாவைக் கண்டதும் அழுதார். அம்மா அழவில்லை. பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "என்ன தம்பி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருக்கிறாய்? ஷெல்லடியோ? செக்கிங்கோ? பஸ் பழுதாய்ப் போச்சு. அவ்வளவுதானே."

அந்த வார்த்தை என்னை ஆறுதல்படுத்தவில்லை. அதைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது.

அம்மாவுக்குப் பயணத்தின் அளவுகோல் வேறு. மயிலிட்டியில் பிறந்தவர். 1990 ஜூனில் வலிகாமம் வடக்கிலிருந்து கையில் கிடைத்ததோடு வெளியேறியவர். கிளாலிக் கடலை இரவில் படகில் கடந்தவர். 2006 ஓகஸ்டில் முகமாலையில் ஏ-9 பாதை மூடப்பட்ட பிறகு, திருகோணமலைக் கப்பலில் ஒரு இடத்துக்காகப் படையினரின் அனுமதிக்கு விண்ணப்பித்து, பெயர்ப்பட்டியலைப் பார்த்துப் பார்த்து நாட்களை எண்ணியவர். அந்தக் கப்பலும் இதே காங்கேசன்துறையிலிருந்துதான் புறப்பட்டது. அப்படிப்பட்டவருக்கு இரவுப் பேருந்து பழுதாவது ஒரு விடயமே இல்லை.

ஆனால் போரை அளவுகோலாக வைத்தால் எந்தச் சேவையும் நல்ல சேவைதான். எந்தப் பாதை திறந்தாலும் நன்றி சொல்கிறோம். அது ஒழுங்காக இயங்குகிறதா என்று கேட்பதில்லை. திறப்பு விழா செய்தியாகிறது. திறந்த பிறகு எத்தனை நாள் ஓடியது என்பது செய்தியாவதில்லை.

கணக்கைப் பாருங்கள். பலாலி யாழ்ப்பாண சர்வதேச விமான நிலையமாக 2019 ஒக்டோபர் 17 இல் திறக்கப்பட்டது. நவம்பரில் சென்னைச் சேவை தொடங்கியது. 2020 மார்ச்சில் கொரோனாவோடு நின்றது. மீண்டும் தொடங்கியது 2022 டிசம்பர் 12 இல். இரண்டாவது விமான நிறுவனம் 2024 செப்டெம்பரில்தான் வந்தது. திருச்சிக்கு நேரடி விமானம் 2025 மார்ச் இறுதியில். இறங்குவது எல்லாம் சிறிய ஏ.ரி.ஆர். ரக விமானங்கள். எழுபது எண்பது பேருக்கு மேல் ஏற முடியாது. ஒரு கப்பல் நின்றால் அதன் பயணிகளை ஏற்றுவதற்கு அங்கே இடம் இருக்காது.

கப்பலின் கதை இன்னும் தெளிவானது. 2023 ஒக்டோபர் 10 என்று சொல்லப்பட்ட முதல் ஓட்டம் இரண்டு தடவை பிற்போடப்பட்டு 14 ஆம் திகதி நடந்தது. 'செரியாபாணி' என்ற கப்பல் 50 பயணிகளோடு வந்தது. பிரதமர் மோடி காணொளி வழியாகக் கொடியசைத்தார். ஆறு நாளில், ஒக்டோபர் 20 உடன், பருவமழையைக் காரணம் காட்டிச் சேவை நிறுத்தப்பட்டது. அடுத்து 2024 மே 13 என்று திகதி குறித்தார்கள். அதுவும் தள்ளித் தள்ளிப் போய், ஓகஸ்ட் 16 இல் 'சிவகங்கை' கப்பல் ஓடத் தொடங்கியது. நவம்பரில் மழைக்காலத்துக்காக நின்று, 2025 பெப்ரவரி 22 இல் மறுபடி தொடங்கியது.

வடகீழ்ப் பருவக்காற்று ஐப்பசியில் வரும் என்பது வல்வெட்டித்துறையிலும் பருத்தித்துறையிலும் தோணி ஓட்டிய எங்கள் பாட்டன்மாருக்குத் தெரியும். வேதாரணியத்துக்குச் சரக்கு ஏற்றியவர்கள் கடலின் நாட்காட்டியை வைத்துத்தான் தொழில் செய்தார்கள். ஐப்பசி வாசலில் ஒரு பயணிகள் சேவையைத் தொடங்கிவிட்டு ஆறாம் நாள் வானிலையைக் குறை சொல்வது திட்டமிடலின் பிழை. கடலின் பிழை அல்ல.

உதவி இல்லை என்று சொல்ல முடியாது. கட்டணம் ஏறாமல் இருக்க, நாகபட்டினத் துறைமுகச் செலவுகளுக்கென இந்திய அரசு மாதம் இரண்டரைக் கோடி இலங்கை ரூபாய்க்கு மேல் ஓராண்டுக்கு வழங்க முன்வந்தது. காங்கேசன்துறைத் துறைமுகத்தைப் புனரமைக்க 6 கோடி 15 இலட்சம் டொலர் மானியத்துக்கும் உடன்பட்டிருக்கிறது. இவை பெரிய விடயங்கள். ஆனால் துறைமுகம் கட்டப் பணம் தேவைப்படுகிற அளவுக்கு, பயணியின் கைப்பேசிக்கு ஒரு குறுந்தகவல் அனுப்பப் பணம் தேவையில்லை.

உலகின் வேறு கடல்களிலும் புயல் அடிக்கிறது, கப்பல்கள் நிற்கின்றன. பாரிஸிலும் பேர்லினிலும் இருக்கும் எங்கள் உறவுகளுக்கு இது தெரிந்திருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் கடற்பயணிகளின் உரிமைக்கென 2010 இலிருந்தே ஒரு சட்டம் இருக்கிறது. குறித்த நேரத்துக்குப் பிறகு 30 நிமிடத்துக்குள் பயணிக்கு நிலைமையைச் சொல்ல வேண்டும். மாற்றுப் பயணமா, பணமா என்பதைப் பயணி தெரிவு செய்யலாம். பணம் என்றால் ஏழு நாளுக்குள். வானிலை காரணமென்றால் நட்டஈடு கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் தகவல் சொல்லும் கடமையும், பணத்தைத் திருப்பும் கடமையும் வானிலையால் இல்லாமல் போவதில்லை. இந்திய விமானப் பயணிகளுக்கும் இதேபோல, விமானம் ரத்தானால் மாற்று விமானம் அல்லது முழுப்பணம் என்று விதி இருக்கிறது.

காங்கேசன்துறையில் ஏறுகிறவர்களுக்கும் இதே எளிய விடயங்கள்தான் வேண்டும். எந்த மாதங்களில் கப்பல் ஓடாது என்பதை ஆண்டின் தொடக்கத்திலேயே அறிவிக்க வேண்டும். ரத்தானால் முகவருக்கு மட்டுமன்றிப் பயணிக்கும் நேரடியாகத் தெரிவிக்க வேண்டும். பணம் எத்தனை நாளில் திரும்பும் என்பதைப் பயணச்சீட்டிலேயே தமிழில் அச்சிட வேண்டும். இவற்றைக் கேட்க வேண்டியவர்கள் எங்கள் நாடாளுமன்ற உறுப்பினர்களும் வணிகர் கழகங்களும். கேட்கும்படி அவர்களைத் தூண்ட வேண்டியவர்கள் நாங்கள்.

இதை உல்லாசப் பயணிகளின் முறைப்பாடாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. என் சின்னம்மா 1990 இல் மன்னார்க் கரையிலிருந்து படகில் இராமேஸ்வரம் போனவர். மண்டபம் முகாம், பிறகு திருச்சி கொட்டப்பட்டு முகாம். முப்பத்தைந்து ஆண்டுகள். அங்கே பிறந்த மகளின் மகளுக்குத்தான் கலியாணம். தமிழகத்தில் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் இப்படி வாழ்கிறவர்களுக்கு இந்தப் பக்கம் வருவது எங்களுக்கு அந்தப் பக்கம் போவதைப் போல இல்லை. 2025 மே மாத இறுதியில், ஐ.நா. அகதிகள் உயர்ஸ்தானிகராலயத்தின் ஏற்பாட்டுடன் பலாலியில் வந்திறங்கிய முதியவர் ஒருவர், போர்க்காலத்தில் சட்டவிரோதமாக நாட்டைவிட்டு வெளியேறினார் என்று கைது செய்யப்பட்டார். எதிர்ப்பு எழுந்த பிறகே அந்த நடைமுறை மாற்றப்படும் என்று அரசாங்கத் தரப்பில் சொல்லப்பட்டது. ஷெல்லடிக்குத் தப்பி ஓடியவர் குடியகல்வு முத்திரை குத்திக்கொண்டா போயிருப்பார்? அந்தச் செய்தியைக் கேட்டதிலிருந்து சின்னம்மா ஊருக்கு வருவதைப் பற்றிப் பேசுவதில்லை. ஆகவே அக்காவும் தங்கையும் சந்திக்க வேண்டுமென்றால் அம்மாதான் போக வேண்டும். அம்மாவுக்கு எழுபத்து நான்கு வயது. தவறிப்போகும் ஒவ்வொரு கப்பலும் அந்தக் கணக்கிலிருந்து கழிகிறது.

ஒரு காலத்தில் இது இப்படி இருக்கவில்லை. 1914 இலிருந்து கொழும்புக் கோட்டையில் ரயில் ஏறியவர் தலைமன்னாரில் கப்பல் மாறித் தனுஷ்கோடியில் மீண்டும் ரயில் ஏறிச் சென்னை போகலாம். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதற்குப் பிறகும் இராமேஸ்வரத்துக்குக் கப்பல் ஓடியது. புயலால் முடியாததைப் போர் செய்தது: 1984 உடன் அந்தக் கப்பல் நின்றது. ஆருத்திரா தரிசனத்துக்குச் சிதம்பரம் போய்வருவதை அயலூருக்குப் போவதுபோலப் பேசிய தலைமுறை ஒன்று எங்கள் வீடுகளில் இருந்தது. அவர்கள் கப்பலுக்கு நன்றி சொன்னதாக நான் கேள்விப்படவில்லை. பிந்தினால் திட்டினார்கள். ஒழுங்காக வரும் என்ற நம்பிக்கை இருந்ததால் திட்டினார்கள்.

வாசகர்களுக்கு என் அனுபவத்திலிருந்து சில சொற்கள். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் நாள் குறித்த காரியத்துக்குக் கப்பலை மட்டும் நம்பிப் போக வேண்டாம். எந்தப் பயணத்திலும் ஒரு நாளைக் கையிருப்பில் வைத்துக்கொள்ளுங்கள். முகவர் மூலம் பதிந்தாலும் உங்கள் சொந்தத் தொலைபேசி இலக்கத்தைக் கொடுக்கச் சொல்லுங்கள். ரத்து என்றால் அதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பணம் வராவிட்டால் முறையிட அதுதான் கையில் இருக்கும் ஆதாரம்.

கூறைச் சேலை இன்னும் அலுமாரியில் இருக்கிறது. மாசியில் கடல் அடங்கியதும் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்கிறார் அம்மா. "இந்த முறை ஓடுமோ தம்பி?" என்று கேட்டார். சீட்டுக்குப் பதிந்திருக்கிறேன். இம்முறை என் இலக்கத்தைக் கொடுத்திருக்கிறேன்.