மூன்று குண்டும் பத்துக் குண்டும்

குமாவூன் மலைநாட்டில் சம்பாவத் என்னும் ஊரைச் சுற்றியிருந்த கிராமங்களை நடுங்க வைத்த பெண்புலியை 1907-ஆம் ஆண்டில் ஜிம் கார்பெட் சுட்டு வீழ்த்தினார். நேபாளத்திலும் குமாவூனிலுமாக அது 436 பேரைக் கொன்றதென்பது அவர் தரும் கணக்கு. இறந்த புலியின் வாயைப் பார்த்தபோது வலப்பக்கத்துக் கோரைப்பற்கள் இரண்டும் உடைந்திருந்தன. மேற்பல் பாதியோடு போயிருந்தது. கீழ்ப்பல் எலும்பு வரையில் முறிந்திருந்தது. முன்னொரு காலத்தில் யாரோ சுட்ட குண்டு செய்த வேலை அது. இயல்பான இரையைக் கொல்ல முடியாமற் போனதனாலேயே அது மனிதரைத் தின்னத் தலைப்பட்டது என்று கார்பெட் முடிவு செய்தார்.

சுட்ட அந்த மனிதர் அன்றிரவு வீடு திரும்பி, "குறி தப்பிவிட்டது" என்று சொல்லிவிட்டு உறங்கப் போயிருப்பார். அதற்குமேல் அவர் அறிந்திருக்க நியாயமில்லை.

குறி தப்புவதென்றால் கை நடுங்கியது என்றே நாம் எண்ணுகிறோம். கை நடுங்காவிட்டாலும் தப்பும் என்பதை நிரூபிக்க ஒருவர் தம் ஆயுளில் பெரும்பகுதியைச் செலவிட்டார். அமெரிக்காவில் மாஸசூஸெட்ஸ் மாகாணத்து மில்ஃபோர்டு நகரைச் சேர்ந்த பிராங்க்ளின் மான் என்ற வைத்தியர் அவர். கோழித் தீனிக்காக எலும்பு நறுக்கும் இயந்திரம் ஒன்றைச் செய்து விற்றுப் பொருளீட்டினார். ஈட்டியதைத் துப்பாக்கிப் பரிசோதனையில் கரைத்தார். (அவருடைய மனைவியாரின் அபிப்பிராயம் என்னவோ!) கான்கிரீட் மேடையொன்றில் கனத்த குழாயைப் பொருத்தி, மனிதக் கையின் குற்றமே புகாதபடி செய்து, வழிநெடுகக் காகிதத் திரைகளை நிறுத்திக் குண்டு சென்ற பாதையைத் துளை துளையாக அளந்தார். அப்படியும் குண்டுகள் சிதறின. குண்டின் மூக்கைச் சிதைத்து எய்தால் அதிகக் கேடில்லை. அடிப்பாகத்தைச் சிறிது சிதைத்தாலோ அது வெகுதூரம் விலகிப் போயிற்று. இவற்றையெல்லாம் 1909-இல் ஒரு நூலாக வெளியிட்டார்.

அவர் காட்டிய உண்மையின் பயனை இன்று அனுபவிப்பவர்கள், தோட்டாவைத் தாமே செய்துகொள்ளும் அமெரிக்க வேட்டைக்காரர்கள். நம் நாட்டில் அனுமதியின்றித் தோட்டா செய்வதை 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் தடுக்கிறது; வேட்டையையோ 1972-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. ஆகையால் வாசகர்கள் இதைச் செய்து பார்க்க வேண்டாம். என்னிடம் பௌதிகம் படித்த பழைய மாணவன் ஒருவன் மொன்டானாவில் குடியேறி, ஆண்டுதோறும் லைசென்ஸ் பெற்று மான் வேட்டைக்குப் போகிறான். அவன் கடிதங்களிலிருந்தே இந்த விஷயத்தில் எனக்குச் சிரத்தை பிறந்தது.

தோட்டாவில் நான்கே பொருள்கள்: பித்தளைக் கூடு, அதன் அடியிலே தீப்பொறி தரும் கேப்பு, உள்ளே மருந்து, வாயிலே குண்டு. சுட்டவுடன் கூடு சற்று உப்பிவிடும். அதை எஃகு அச்சில் அழுத்தி முன்னளவுக்குக் கொண்டுவந்து, நீண்டுபோன கழுத்தை வெட்டிச் சமன் செய்து, புதுக் கேப்பைச் செருகி, மருந்தை நிறுத்துப் போட்டு, குண்டைக் குறித்த ஆழத்துக்கு அழுத்தி வைக்க வேண்டும். மருந்தை நிறுப்பது கிரெயின் கணக்கில். 7000 கிரெயின் ஒரு பவுண்டு. அதாவது ஒரு கிரெயின் என்பது குன்றிமணியில் ஏறக்குறையப் பாதி எடை. அதிலும் பத்திலொரு பங்கைக் கவனிக்கிறார்கள். நம் ஊர்த் தட்டாரும் இதைக் கேட்டால் மூக்கின்மேல் விரலை வைப்பார்.

ஏன் இத்தனை நுணுக்கம்? 1906-இல் அமெரிக்கச் சேனை ஏற்றுக்கொண்டதும் இன்றைக்கும் வேட்டையில் வழங்குவதுமான 'தேர்ட்டி-நாட்-சிக்ஸ்' தோட்டாவுக்கு அனுமதித்த உச்ச அழுத்தம், சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு. மோட்டார் வண்டிச் சக்கரத்தில் உள்ள காற்றின் அழுத்தம் முப்பது பவுண்டுதான். முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் அதைப்போல் இரண்டாயிரம் மடங்கு! மருந்து சிறிது கூடினால் அழுத்தம் அதே விகிதத்தில் கூடுவதில்லை, துள்ளி ஏறுகிறது. வெயிலில் கிடந்து சூடேறிய தோட்டாவும் அழுத்தத்தை உயர்த்தும். ஆகவே மருந்து செய்பவர்கள் வெளியிட்ட அட்டவணையில் கண்ட குறைந்த அளவில் தொடங்கி, சிறிது சிறிதாக ஏற்றிக்கொண்டு போக வேண்டும். சுட்ட கூட்டைத் துப்பாக்கி எளிதில் வெளியே விடாவிட்டாலும், கேப்பு தட்டையாக நசுங்கிப் போனாலும் அங்கேயே நின்றுவிட வேண்டும். அட்டவணையின் எல்லையைத் தாண்டுகிறவன் கண்ணைப் பணயம் வைக்கிறான்.

சென்ற ஆண்டு என் மாணவன் எட்டு விதமான மருந்தளவில், ஒவ்வொன்றுக்கும் மூன்று தோட்டா வீதம் செய்து, நூறு கெஜத்தில் காகிதக் குறியை வைத்துச் சுட்டான். அவற்றில் ஓர் அளவு மட்டும் அற்புதமாக அமைந்தது. மூன்று துளைகளையும் ஒரு ரூபாய் நாணயத்தால் மூடிவிடலாம். "ஸார், என் துப்பாக்கிக்கு உகந்த அளவைக் கண்டுபிடித்துவிட்டேன்" என்று எழுதி அந்தக் காகிதத்தையும் அனுப்பியிருந்தான்.

எனக்குத் துப்பாக்கி தெரியாது. ஆனால் பையன்கள் தெரியும். ஊசல் பரிசோதனையில் எட்டுத் தடவை அளந்துவிட்டு, புத்தகத்து விடைக்கு மிக நெருங்கியதை மட்டும் நோட்டில் எழுதிக் காட்டும் சாமர்த்தியத்தை இருபது ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். சிதறலின் அகலம் என்பது ஒன்றுக்கொன்று மிகத் தொலைவில் உள்ள இரு துளைகளின் இடைவெளி. மேலும் மேலும் சுட்டால் அது விரியக்கூடும், ஒருகாலும் சுருங்காது. மூன்று குண்டுக்குச் சராசரி ஓர் அங்குலம் காட்டும் துப்பாக்கி, அதே தோட்டாவில் பத்துக் குண்டுக்குச் சராசரி சுமார் 1.6 அங்குலம் காட்டும். மருந்திலும் குண்டிலும் யாதொரு மாறுதலும் இல்லை. கணிதம் செய்யும் வேலை இது. அன்றியும், எட்டு வரிசைகளில் சிறந்த ஒன்றைப் பொறுக்கினால் தோட்டாவின் குணத்தோடு அதிர்ஷ்டத்தையும் சேர்த்துப் பொறுக்குகிறோம்.

"அதே அளவில் பத்துத் தோட்டா செய்து ஒரே காகிதத்தில் சுடு" என்று பதில் எழுதினேன். இரண்டு மாதம் கடிதமே இல்லை. மனத்தாங்கலோ என்று எண்ணினேன். பிறகு ஒரு காகிதம் வந்தது. பத்துத் துளைகளின் அகலம் ஒன்றேமுக்கால் அங்குலம். அருகிலிருந்த வேறோர் அளவையும் அதேபோல் சுட்டுப் பார்த்தானாம். வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லையாம். இரண்டிலே மருந்து குறைந்ததையே வைத்துக்கொண்டான்.

மானின் இதயமும் நுரையீரலும் அடங்கிய பகுதி சுமார் எட்டு அங்குலம். நாணயத்தை நம்பியிருந்தால் முந்நூறு கெஜத்தில் தன் குண்டுகள் ஒன்றரை அங்குலத்துக்குள் அடங்கும் என்றல்லவா கணக்குப் போட்டிருப்பான்? உண்மையில் மேசைமேல் சாய்த்து வைத்துச் சுட்டாலே ஐந்தேகால் அங்குலம். மலைச்சரிவில், மூச்சிரைக்க, முழங்காலிட்டுச் சுடும்போது அது இரட்டிக்கும், காற்று வேறு. தோட்டாவைக் குறை கூறிப் பயனில்லை, தூரத்தைக் குறைத்துக்கொள்வதே வழி என்று அவனே கண்டு, இருநூறு கெஜத்துக்கு அப்பால் சுடுவதில்லை என்று நோட்டின் முதற்பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டான்.

கார்த்திகை மாதம் வந்த கடிதத்தில், வேட்டைப் பருவத்தின் கடைசி நாளன்று பள்ளத்தாக்குக்கு அப்பால் கொம்பு கிளைத்த பெரிய மான் ஒன்று, கால் மணி நேரம் அசையாமல் நின்றதென்று எழுதியிருக்கிறான். தூரமளக்கும் கருவி 310 கெஜம் காட்டிற்று. இருட்டும் வரையில் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தோட்டாக்களைத் துப்பாக்கியிலிருந்து எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு இறங்கி வந்தானாம்.