உலகத்தில் முதலிடம், பஸ்ஸில் இடமில்லை

புத்தளத்திலிருந்து கொழும்புக்கு ஏறக்குறைய 130 கிலோமீட்டர். பஸ்ஸில் போனால் மூன்று, நான்கு மணித்தியாலம் பிடிக்கும். கற்பிட்டிப் பக்கத்து ஆட்களுக்குப் பாலாவிச் சந்திக்கு வந்து சேரவே தனியாக ஒரு பயணம் இருக்கிறது. மூன்று மாதப் பிள்ளையோ இரண்டு, மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவை பால் கேட்கும். பொரளை சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்குப் பிள்ளையைக் காட்டப் போகிற தாய், போகும்போதும் வரும்போதும் வழியில் பால் கொடுக்காமல் தப்ப முடியாது. அதனால்தான் வீட்டில் தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் பிள்ளைக்கும் பயணத்துக்கென்று ஒரு பால்போத்தல், ஒரு ஃபிளாஸ்க் சுடுதண்ணீர், ஒரு சிறு டப்பாவில் பால்மா என்று பை நிரம்புகிறது.

இதே நாடுதான் தாய்ப்பால் விஷயத்தில் உலகத்துக்கே முன்மாதிரி. உலகத் தாய்ப்பாலூட்டல் போக்குகளை மதிப்பிடும் சர்வதேச அமைப்பு 2020இல் 97 நாடுகளை வரிசைப்படுத்தியபோது, 100க்கு 91 புள்ளி எடுத்து முதலாம் இடத்துக்கு வந்தது இலங்கை. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி ஆறு மாதத்துக்குக் குறைந்த பிள்ளைகளில் 82 சதவீதமானோர் தாய்ப்பாலை மட்டுமே குடித்தார்கள். பணக்கார நாடுகள் பலவற்றாலும் எட்ட முடியாத எண் இது.

தானாக வந்த வெற்றியும் அல்ல. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியதிலிருந்து வீடு வீடாக நடந்த மருத்துவிச்சிகளின் உழைப்பு அதற்குப் பின்னால் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 1981இல் தாய்ப்பாலுக்கு மாற்றான உணவுகளின் விற்பனை பற்றிய சர்வதேச விதித்தொகுப்பைக் கொண்டுவந்தது. இரண்டே வருடத்தில், 1983இல், இலங்கை தனக்கென ஒரு விதித்தொகுப்பை இயற்றிப் பச்சிளம் பிள்ளைகளுக்கான பால்மா விளம்பரத்துக்குக் கடிவாளம் போட்டது. பிரசவ விடுதியில் பிள்ளை பிறந்த ஒரு மணித்தியாலத்துக்குள் மார்பில் போடுகிறார்கள். பத்து நாளைக்குள் குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்து, பிள்ளை சரியாக வாய் வைக்கிறதா என்று பார்க்கிறார். வைத்தியசாலை, வீடு, கிளினிக் என்ற மூன்று இடத்திலும் தாயைத் தாங்கிப் பிடிக்க ஆள் இருக்கிறது. அந்த மூன்றையும் விட்டு அவள் வெளியே காலெடுத்து வைத்ததும் யாரும் இல்லை.

வெளியில் அவளைத் தடுக்கிறவர்களும் யாரும் இல்லை என்பதுதான் விசித்திரம். பொது இடத்தில் பால் கொடுப்பது குற்றம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பொலிஸ் வருவதில்லை, கண்டக்டர் இறக்கிவிடுவதில்லை. நடப்பது வேறு. பிள்ளை சிணுங்கத் தொடங்கியதும் பக்கத்து ஆசனத்துக்காரர் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். எதிரே நிற்கிற இளவட்டம் திரும்பாது. பின்னாலிருந்து ஒரு மூதாட்டி அன்பாகத்தான் சொல்வார்: “மகள், மறைச்சுக் குடுங்க, புள்ளைக்குக் கண்ணூறு பட்டுரும்.” தாய் துப்பட்டாவை இழுத்துப் பிள்ளையின் தலைக்கு மேலால் போடுவாள். வெக்கையில் உள்ளே பிள்ளையின் நெற்றி வேர்த்துக் கொட்டும். ஐந்து மாதம் ஆன பிள்ளை என்றால் துணியைப் பிடித்து இழுத்து எறிந்துவிட்டு, யார் பேசுகிறார்கள் என்று எட்டிப் பார்க்கும். தாய் மறுபடி மூட, பிள்ளை மறுபடி இழுக்க, இரண்டு மூன்று தடவை இந்த இழுபறி நடந்த பிறகு அவள் சட்டையைச் சரிசெய்துகொண்டு போத்தலைத் தேடுவாள்.

நம் பஸ்களில் மதகுருமாருக்கு ஆசனம் ஒதுக்கியிருக்கிறது, கர்ப்பிணித் தாய்மாருக்கும் ஒதுக்கியிருக்கிறது. வயிற்றில் பிள்ளை இருக்கும்வரை எழுந்து இடம் கொடுக்கும் சமூகம், அது மடிக்கு வந்து பசித்து அழும்போது மட்டும் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் தவிக்கிறது.

இந்தத் தவிப்பின் விலை வெறும் சங்கடத்தோடு முடிவதில்லை. பால் சுரப்பது தேவைக்கு ஏற்ப நடக்கும் வேலை. பிள்ளை எவ்வளவு குடிக்கிறதோ அவ்வளவு சுரக்கும். ஒரு வேளை தவறினால் மார்பில் பால் கட்டிக்கொண்டு வலிக்கும். அடிக்கடி தவறினால் சுரப்பே குறையும். சுரந்த பாலை வெளியே தள்ளுவது ஒக்சிடோசின் என்ற ஹோர்மோன். பயம், வெட்கம், பதற்றம் என்று எது வந்தாலும் அது தடைப்படும். ஆகவே நாலு பேர் முறைக்கும் இடத்தில் பால் இறங்கத் தாமதமாகும், பிள்ளை வீரிட்டு அழும், “பால் பத்தல போல” என்று யாராவது முடிவு கட்டுவார்கள். அடுத்த கிழமை வீட்டுக்குள்ளும் போத்தல் வந்துவிடும். பயணத்துக்கென்று வாங்கிய டப்பா நிரந்தரமாக அலுமாரி ஏறும் கதை அநேகமாக இப்படித்தான் தொடங்குகிறது.

புத்தளத்துக் கரையில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. கற்பிட்டிக் குடாநாடு மணல் நிலம். அங்கே வெங்காயமும் மிளகாயும் வருடம் முழுக்க விளைகின்றன. போடுகிற பசளை மணலினூடாக நேரே நிலத்தடி நீருக்கு இறங்குகிறது. அங்குள்ள கிணறுகளில் நைத்திரேற்று அதிகம் என்று 1980களிலிருந்தே ஆய்வாளர்கள் எழுதி வருகிறார்கள். குடிநீரில் நைத்திரேற்று ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் எல்லை வகுத்திருக்கிறது. அந்த எல்லை யாரை மனதில் வைத்துப் போடப்பட்டது தெரியுமா? போத்தலில் பால் குடிக்கும் கைக்குழந்தைகளை. நைத்திரேற்று மிஞ்சினால் பச்சிளம் பிள்ளையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் திறனை இழந்து, உடல் நீலம் பாயக்கூடும். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. ஆவியாகிற தண்ணீரின் அளவுக்கு அதன் செறிவு இன்னும் கூடும். கற்பிட்டியில் கிணற்றுத் தண்ணீரில் பால்மா கரைப்பது, கொழும்பில் குழாய்த் தண்ணீரில் கரைப்பதைப் போன்றதல்ல. இந்த ஊர்த் தாயை நோக்கிப் பாய்கிற ஒரு முறைப்பு, பிள்ளையை அந்தக் கிணறுவரை தள்ளிக்கொண்டு போய்விடலாம்.

பழைய தலைமுறை இதற்கெல்லாம் இவ்வளவு கூச்சப்பட்டதா? கரையோர வாடிகளில், கருவாடு காயப்போட்ட மணலில், பெண்கள் முந்தானையை இழுத்துவிட்டுப் பிள்ளைக்குப் பால் கொடுத்தபடியே வேலையைக் கவனித்தார்கள். சேலை அதற்கு வசதியாக இருந்தது. எங்கே உட்கார்ந்தாலும் முந்தானை ஒரு திரை. கடந்த முப்பது, நாற்பது வருடங்களில் உடுப்பு மாறிவிட்டது. சேலையும் முக்காடுமாக இருந்த முஸ்லிம் பெண்களில் பெரும்பாலோர் அபாயாவுக்கு மாறினார்கள். மற்றவர்கள் சல்வாருக்கும் கவுனுக்கும் போனார்கள். கழுத்திலிருந்து கால்வரை மூடித் தைத்த உடுப்பில், பிள்ளைக்குப் பால் கொடுக்க வழி வைத்துத் தைப்பது தையல்காரருக்கு ஐந்து நிமிட வேலை. ஆனால் கேட்டால்தானே தைப்பார்! உடுப்பு மறைப்பைக் கூட்டியது, பால் கொடுக்கிற வசதியைக் குறைத்தது. பழி மட்டும் பெண்ணின் வெட்கத்தின் மேல் விழுந்தது.

மார்க்கம் ஒப்பாது, பண்பாடு ஒப்பாது என்ற பேச்சும் வரும். இந்தக் கரையில் இஸ்லாம், கத்தோலிக்கம், சைவம் என்ற மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் வாழ்கின்றன. மூன்றுமே தாய்ப்பாலைத் தலையில் தூக்கி வைத்திருக்கின்றன. இரண்டு முழு வருடம் பாலூட்டுவதைப் பற்றி அல்பகரா அத்தியாயத்தின் 233ஆவது வசனம் பேசுகிறது. 2014 ஜனவரியில், வத்திக்கானின் சிஸ்டைன் சிற்றாலயத்தில் திருமுழுக்கு நடந்துகொண்டிருந்தபோது, பிள்ளை பசித்தால் அங்கேயே பால் கொடுங்கள் என்று திருத்தந்தை பிரான்சிஸ் தாய்மாரிடம் சொன்னார். சீர்காழிக் கோயில் குளக்கரையில் அழுத பிள்ளைக்கு உமையம்மை பால் கொடுத்த கதையைச் சைவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பொற்கிண்ணத்தில்தான் கொடுத்தாள் என்றாலும், நாலு பேர் வந்து போகும் இடத்தில்தான் கொடுத்தாள். வேதத்திலும் புராணத்திலும் இல்லாத தடை பஸ் ஆசனத்தில் மட்டும் எப்படி வந்தது?

பார்க்கிறவனின் கண்ணிலிருந்து வந்தது. கேரளத்தில் 2018இல் ‘கிருஹலட்சுமி’ சஞ்சிகை, நடிகை கிலு ஜோசப் ஒரு பிள்ளையை மார்போடு அணைத்திருக்கும் படத்தை அட்டையில் போட்டது. முறைக்காதீர்கள், எங்களுக்குப் பால் கொடுக்க வேண்டும் என்பது அந்த இயக்கத்தின் சாரம். ஆபாசம் என்று வழக்குப் போட்டார்கள். எவ்வளவு முயன்றும் அந்தப் படத்தில் ஆபாசம் தென்படவில்லை என்ற கருத்தில் கேரள உயர் நீதிமன்றம் மனுவைத் தள்ளியது. படத்தில் இருந்தவர் தாயல்ல, மொடல்தானே என்ற விமர்சனமும் எழுந்தது. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதே வருடம் கொல்கத்தாவின் பெரிய அங்காடி வளாகம் ஒன்றில், பால் கொடுக்க இடம் கேட்ட நிஜத் தாய்க்குக் கழிப்பறையைக் காட்டினார்கள். சோறு தின்ன இடம் கேட்டவனை யாராவது கழிப்பறைக்கு அனுப்புவார்களா?

சரி, அறை கட்டிக் கொடுத்தால் தீர்ந்துவிடுமா? தமிழ்நாட்டில் 2015 ஆகஸ்டில் முதலமைச்சர் ஜெயலலிதா பஸ் நிலையங்களில் பாலூட்டும் அறைகளைத் திறந்துவைத்தார். மாநிலம் முழுவதும் முந்நூற்றுக்கு மேற்பட்ட அறைகள். நல்ல திட்டம், பலருக்கு உதவியது. ஆனால் பின்னாளில் பல அறைகள் பூட்டிக் கிடப்பதாகவும், பழைய சாமான் போடும் இடமாகிவிட்டதாகவும் பத்திரிகைகள் படத்தோடு எழுதின. பிலிப்பைன்ஸ் 2010இல் வேலைத்தளங்களிலும் பொது இடங்களிலும் பாலூட்டும் இடம் வைக்கச் சட்டம் போட்டது. ஸ்கொட்லாந்து 2005இல் வேறு வழியில் போனது. இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பொது இடத்தில் பால் கொடுப்பதைத் தடுப்பவரே அங்கே குற்றவாளி. முதலாவது சட்டம் தாய்க்குக் கதவு கொடுக்கிறது. இரண்டாவது, அவள் இருக்கிற இடத்திலேயே இருக்க விடுகிறது. இந்திய உச்ச நீதிமன்றம் 2025 பெப்ரவரியில் இரண்டையும் சேர்த்துப் பேசியது. அறைகளை அமையுங்கள், அதோடு பொது இடத்தில் பாலூட்டுவதை இழிவாகப் பார்க்கும் வழக்கமும் போக வேண்டும் என்றது.

புத்தளத்துக்கு இரண்டும் வேண்டும். மறைவாகக் கொடுக்க விரும்பும் பெண்ணுக்கு, அது அவளுடைய மார்க்கமோ மனமோ எதுவாக இருந்தாலும், கதவுள்ள ஓர் அறை கிடைக்க வேண்டும். அந்த அறை வந்த பிறகு, “அதுதான் ரூம் இருக்கே, அங்க போய்க் குடுங்களேன்” என்று மற்றவளை விரட்ட அது ஆயுதமாகக் கூடாது. ஓடுகிற பஸ்ஸில் அறை கிடையாது. உப்பளத்தில் கிடையாது. சந்தையிலும் கிடையாது. தாய்மார் நன்மைகள் கட்டளைச் சட்டம், ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய்க்கு ஒன்பது மணித்தியால வேலையில் இரண்டு பாலூட்டும் இடைவேளை தருகிறது. பிள்ளை பராமரிப்பு நிலையம் இருந்தால் ஒவ்வொன்றும் அரை மணித்தியாலம், இல்லாவிட்டால் ஒரு மணித்தியாலம். மாதச் சம்பளக்காரிக்கு இது உரிமை. உப்பு வாரவும் மீன் தரம் பிரிக்கவும் நாட்கூலிக்குப் போகிறவளுக்கு இது எட்டுவது அபூர்வம். அவளுக்கு மேற்பார்வையாளர் முகம் சுளிக்காமல் இருப்பதுதான் சட்டம்.

உலகத் தாய்ப்பால் வாரம் ஆகஸ்ட் 1 முதல் 7 வரை. இந்தக் கரை நிரம்பி வழிகிற காலமும் ஏறக்குறைய அதுவே. தலவில புனித அன்னம்மாள் திருவிழாவுக்குக் குடும்பம் குடும்பமாகக் கடற்கரையில் வந்து தங்குகிறார்கள். உடப்பு திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்பும் முன்னேஸ்வரத் திருவிழாவும் அந்தப் பருவத்தில்தான். இத்தனை கைக்குழந்தைகள் ஒரே இடத்தில் கூடும் வாய்ப்பு வேறெப்போதும் வராது. தண்ணீர்ப் பந்தல் போடுகிற தொண்டர்களுக்கு, நிழலில் நாலு கதிரையும் ஒரு தட்டியும் கூட வைப்பது பெரிய காரியமல்ல. தட்டிக்கு அப்பால் போக விரும்பாதவளிடம் யாரும் ஒன்றும் கேட்காதிருக்க, ஒலிபெருக்கியில் ஒரு வரி அறிவிப்பு போதும். ஜும்ஆ பிரசங்கத்திலும் ஞாயிறு மறையுரையிலும் ஆண்களைப் பார்த்து இதே வரியைச் சொல்லலாம். பஸ் சங்கங்கள் கர்ப்பிணிகளுக்கான ஆசனத்தின் அறிவிப்பில் பாலூட்டும் தாயையும் சேர்த்துவிடலாம், ஒரு ஸ்டிக்கர் செலவு.

எங்கிருந்து தொடங்குவது என்று பிரதேச சபைகளுக்குக் குழப்பம் இருந்தால், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போய்க் குடும்பநல உத்தியோகத்தர்களோடு ஒரு பின்னேரம் உட்காரலாம். தங்கள் பிரிவில் எந்தப் பிள்ளை எத்தனையாவது மாதத்தில் போத்தலுக்கு மாறியது, தாய் அதற்கு என்ன காரணம் சொன்னாள் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. பஸ் நிலையமா, வைத்தியசாலைக் கியூவா, சந்தையா, எங்கே முதல் கதிரையைப் போடுவது என்று அவர்கள் சொல்வார்கள்.