நிலையறிந்து திருத்தல்

பிழை செய்தல் மாந்தர்க்கு இயல்பு. அதனைத் திருத்திக்கொள்ளுதல் அறிவுடையோர் செயல். ஆயினும், பிழை இன்னதென்று அறியுமுன்னரே திருத்தப் புகுதல் அறிவுடைமை ஆகாது. நோயின் மூலத்தை ஆராயாது மருந்து கொடுப்பவனை எவரும் நல்ல மருத்துவன் என்று போற்றார். இவ்வுண்மை எல்லாத் தொழிலுக்கும் பொருந்தும். எனினும், கணிப்பொறிக்கு நிரல் எழுதும் தொழிலில் இது மிகத் தெளிவாக விளங்கும். ஏனெனில், கணிப்பொறி தனக்குச் சொல்லியதைச் செய்யுமேயன்றி, சொல்ல நினைத்ததைச் செய்யாது.

பைத்தான் என்பது நெதர்லாந்து நாட்டினராகிய குய்டோ வான் ரோசம் என்பவர் உருவாக்கி, 1991ஆம் ஆண்டில் வெளியிட்ட கணிப்பொறி மொழியாகும். தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடத்திலும் அஃது இடம்பெற்றுள்ளது. அம்மொழியைப் புதிதாகக் கற்போர்க்குத் தரும் பயிற்சிகளுள் ஒன்று நினைவுச் சீட்டு விளையாட்டு. அமெரிக்க நாட்டின் ஹூஸ்டன் நகரிலுள்ள ரைஸ் பல்கலைக்கழகம் 2012ஆம் ஆண்டில் இணையவழியே தொடங்கிய பைத்தான் வகுப்பிலும் இவ்விளையாட்டு ஒரு பயிற்சியாக வைக்கப்பட்டது.

விளையாட்டு எளியது. பதினாறு சீட்டுகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். 0 முதல் 7 வரையுள்ள எண்கள், ஒவ்வொன்றும் இருமுறையாக, அவற்றில் எழுதப்பட்டிருக்கும். ஆடுவோர் இரண்டு சீட்டுகளைத் திறப்பர். எண்கள் ஒத்திருப்பின் அவை திறந்தே கிடக்கும். ஒவ்வாவிடின், மூன்றாவது சீட்டைத் திறக்கும்பொழுது முன்னைய இரண்டும் மூடிக்கொள்ளும். எல்லா இணைகளையும் கண்டுபிடித்தால் ஆட்டம் முடியும்.

மேசைமேல் இவ்விளையாட்டை ஆடுங்கால், எந்தச் சீட்டு முதலில் திறக்கப்பட்டது என்பதைக் கண் காண்கிறது. மனம் நினைவில் வைக்கிறது. கணிப்பொறிக்கு அத்தகைய கண்ணும் இல்லை, மனமும் இல்லை. அதற்கு நினைவாவன நிரலில் உள்ள மாறிகளே. மாறி என்பது பெயர் எழுதி ஒட்டிய பெட்டி போன்றது. அதனுள் வைத்த மதிப்பு, வேறொன்று வைக்கும்வரை மாறாதிருக்கும். இவ்விளையாட்டில் ‘நிலை’ என்னும் மாறி, திறந்து ஒப்பிடற்குரிய சீட்டுகள் இல்லையாயின் 0 எனவும், ஒன்றாயின் 1 எனவும், இரண்டாயின் 2 எனவும் நிற்கும். ‘முதல்’, ‘இரண்டாவது’ என்னும் மாறிகள் அச்சீட்டுகள் இருக்கும் இடங்களைக் குறிக்கும். எந்தெந்தச் சீட்டு திறந்துள்ளது என்பதை ஒரு பட்டியல் காட்டும். ஆட்டத்தின் நிலைமை முழுவதும் இம்மதிப்புகளுள் அடங்கும்.

இனி, தொடக்க மாணவர் பலர் இடறும் இடம் ஒன்றைக் காண்போம். நான்காம் இடத்துச் சீட்டில் 5 என்னும் எண்ணும், ஏழாம் இடத்துச் சீட்டில் 3 என்னும் எண்ணும் உள்ளன என்று கொள்வோம். அவ்விரண்டும் திறக்கப்பட்டன; எண்கள் ஒவ்வாதவை. அடுத்து ஒன்பதாம் இடத்துச் சீட்டை ஆடுபவர் சொடுக்குகிறார். அதன் எண் 6. இப்பொழுது நிரல் முதலில் பழைய இரண்டையும் ஒப்பிட்டு மூடுதல் வேண்டும். அதன் பின்னரே ‘முதல்’ என்னும் மாறியில் 9 என்று எழுதுதல் வேண்டும். மாணவரோ, 9 என்று எழுதும் வரியை மேலே வைத்துவிட்டார். அதனால் நிரல், 5ஐயும் 3ஐயும் ஒப்பிடுவதற்கு மாறாக, 6ஐயும் 3ஐயும் ஒப்பிடுகிறது. ஒன்பதாம் சீட்டையும் ஏழாம் சீட்டையும் மூடுகிறது. பின்பு, சொடுக்கப்பட்டதாகலின் ஒன்பதாம் சீட்டைத் திறக்கிறது. நான்காம் சீட்டை மூடுவார் இல்லை. அஃது இணை சேராமலே திறந்து கிடக்கிறது.

மாணவர் கண்ணுக்குத் தோன்றுவது ஒன்றே: “சீட்டு மூடவில்லை.” உடனே, மூடும் வரியில்தான் பிழை என்று முடிவு செய்கிறார். அவ்வரியை அழித்து எழுதுகிறார். மற்றோர் ஆணையைச் சேர்க்கிறார். 1 என்பதை 2 என்று மாற்றிப் பார்க்கிறார். ஒரு பிழை இருந்த நிரலில் மூன்று பிழைகள் குடியேறுகின்றன. மாலை வரை முயன்று சோர்ந்து, “இக்கல்வி எனக்கு வாராது” என்று எழுந்து செல்கிறார். அவருக்கு அறிவு குறைவன்று. அவர் கொண்ட முறையே குறைவுடையது. மூடும் வரி குற்றமற்றது. அதனிடம் வந்த மதிப்பே தவறானது.

செய்யத்தக்கது யாது? ஆணைகளில் கை வைக்குமுன், ஒப்பிடும் வரிக்குச் சற்று முன்னே மாறிகளின் மதிப்புகளைத் திரையில் அச்சிடும் ஆணை ஒன்றை எழுதுதல் வேண்டும். அதற்கும் முன்னதாக, அவ்விடத்தில் இருக்கவேண்டிய மதிப்புகளைத் தாளில் குறித்துக்கொள்ளல் வேண்டும். மேற்கூறிய ஆட்டத்தில் இருக்கவேண்டியவை நிலை 2, முதல் 4, இரண்டாவது 7. திரை காட்டுவது நிலை 2, முதல் 9, இரண்டாவது 7. பிழை எங்கே என்று இனி எவரும் சொல்லவேண்டுவதில்லை. ‘முதல்’ என்னும் மாறியை மாற்றிய வரியைத் தேடி, அதனைக் கீழே இறக்கினால் ஆட்டம் செம்மையுறும்.

வேறொரு பிழையும் உண்டு. புதிய ஆட்டம் தொடங்கியும், திறப்புகளின் எண்ணிக்கை சுழியம் ஆகாமல் பழைய கணக்கே தொடரும். செயற்கூற்றினுள் ஒரு மாறிக்கு மதிப்பு இடும்பொழுது, குளோபல் என்னும் சொல்லால் அறிவிக்காவிடின், பைத்தான் அதே பெயரில் உள்ளமை மாறி ஒன்றைப் புதிதாகப் படைத்துக்கொள்ளும். சுழியம் அதற்கே சேரும். வெளியிலுள்ள மாறி பழைய மதிப்போடு நிற்கும். பெயர் ஒன்று, பெட்டி இரண்டு. செயற்கூற்றின் உள்ளும் புறமும் மதிப்பை அச்சிட்டுப் பார்த்தாலன்றி இது புலப்படாது.

“பலவாறு மாற்றிப் பார்த்தால் ஏதேனும் ஒன்று சரியாகிவிடுமே, இத்துணை ஆராய்ச்சி எதற்கு?” என்பார் உளர். சரியாவதும் உண்டு. ஆனால், ஏன் சரியாயிற்று என்று அறியாதவர், மீண்டும் அது கெட்டால் யாது செய்வார்? “பிழையைத் திருத்தித் தரும் கருவிகள் இந்நாளில் உள்ளனவே” என்பாரும் உளர். கருவி தந்த திருத்தம் தக்கதா என்று தேர்வதற்கும், இருக்கவேண்டிய மதிப்பு இன்னதென்று அறிந்தவர் வேண்டும் அன்றோ?

விளையாட்டில் நேரும் பிழையால் ஒரு சீட்டுத்தான் மூடாதிருக்கும். உயிர் காக்கும் பொறியில் நேர்ந்தாலோ? 1985 முதல் 1987 வரை, தெராக்-25 என்னும் கதிர்மருத்துவப் பொறியால் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு நோயாளிகள் அளவிறந்த கதிர்வீச்சுக்கு ஆளாயினர். அவருள் சிலர் உயிர் துறந்தனர். அந்நிரலில் சோதனை வேண்டும் என்பதைக் குறித்த மாறி ஒன்று, ஒவ்வொரு சுற்றிலும் ஒன்று கூடிக்கொண்டே சென்றது. 255க்கு மேற்பட்ட எண் அதனுள் அடங்காது. ஆதலின் 256ஆம் சுற்றில் அது சுழியமாயிற்று. சுழியம் எனின் சோதனை வேண்டா என்பது பொருள். 1987ஆம் ஆண்டு நேர்ந்த தீங்கிற்கு இதுவே காரணமாயிற்று.

அப்பொறியிலிருந்த மற்றொரு பிழை 1986ஆம் ஆண்டு டெக்சாஸ் மாநிலத்தின் டைலர் நகரில் வெளிப்பட்டது. அங்கு மருத்துவமனையின் இயற்பியலறிஞரும் பொறியை இயக்கியவரும் ஊகத்தில் நில்லாது, முன் நிகழ்ந்தவாறே கட்டளைகளைப் பன்முறை இட்டுப் பார்த்தனர். திரையிலுள்ள விவரங்களை விரைந்து திருத்தும்பொழுது பிழை தோன்றுதலை அவர்கள் கண்டறிந்தனர். பிழையை மீண்டும் நிகழச் செய்து, உற்றுநோக்கி உண்மை கண்ட அவர்தம் பொறுமை போற்றற்குரியது.

பதினாறு சீட்டுகளை வைத்துக்கொண்டு நிரல் எழுதும் மாணவர், நாளை மருத்துவப் பொறிக்கும் வானூர்திக்கும் நிரல் எழுதுபவர் ஆகலாம். அன்று வேண்டும் பொறுமையை இன்றே பழகுதல் வேண்டும். முதலில் இருக்கவேண்டியதைக் குறித்துக்கொள்க. பின்பு இருப்பதைக் காண்க. இரண்டும் எங்கு வேறுபடுகின்றனவோ அங்குத் திருத்துக. காணாது திருத்துதல் பிழையை இடம் மாற்றும். கண்டு திருத்துதலே பிழையை நீக்கும்.