நம் பிள்ளைகள் கட்டும் பாட்டு



ஏப்ரல் மாதம் வந்துவிட்டால் சிங்கப்பூரில் தமிழ்மொழி விழா களைகட்டிவிடும். 'தமிழை நேசிப்போம், தமிழில் பேசுவோம்' என்னும் முழக்கத்தைப் பள்ளிதோறும் எழுதி வைக்கிறோம். பேச்சுப்போட்டி, குறள் ஒப்பித்தல், மாறுவேடப்போட்டி எல்லாம் முறையாக நடக்கின்றன. ஆனால் நிறைவு நாளன்று மேடையில் ஒலிப்பது என்ன? சென்னையில் யாரோ எழுதி, யாரோ மெட்டமைத்த திரைப்பாடல். கரோக்கே இசையை ஓடவிட்டுப் பிள்ளைகள் பாடுகிறார்கள். நாமும் மனமாரக் கைதட்டுகிறோம்.

இதே ஊரில் பிறந்து வளர்ந்த இளையர் நால்வர், தாமே தமிழில் பாட்டெழுதி, தாமே மெட்டமைத்து, கிட்டாருடன் மேடையேறினால் மட்டும் முகம் சுளிக்கிறோம். "இது என்ன கூச்சல்? இதுவும் தமிழா?" என்று கேட்கிறோம். இந்த இரட்டை அளவுகோலைக் கண்டிக்கவே இதனை எழுதுகிறேன்.

நம் மக்கள் டுரியான் கட்டடம் என்று அழைக்கும் எஸ்பிளனேட் கலையரங்கம் 2002இல் திறக்கப்பட்டது. அங்கு ஆண்டுதோறும் கலா உத்சவம் என்னும் இந்தியக் கலைவிழா நடைபெறுகிறது. கடலோரத்து வெளியரங்கில் கட்டணமின்றியே பல நிகழ்ச்சிகளைக் காணலாம். அங்குதான் உள்ளூர் இளையர் குழு ஒன்றின் பாடல்களை நேரில் கேட்டேன். தொலைபேசியில் பேசும் பாட்டிக்குத் தமிழில் மறுமொழி சொல்ல முடியாமல் தவிக்கும் பேரனைப் பற்றியது அவற்றுள் ஒன்று. வகுப்பில் ஒற்றைச் சொல்லுக்கு மேல் வாய்திறவாத என் மாணவி ஒருத்தி, முன்வரிசையில் நின்று அதன் பல்லவியைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருந்தாள். அடுத்த வகுப்பில் அவளே என்னிடம் வந்து, "ஆசிரியரே, ஏக்கம் என்றால் கவலையா, வேறா?" என்று வினவினாள். எந்தப் பயிற்சித்தாளும் அவளை அப்படிக் கேட்க வைத்ததில்லை.

இதன் அருமையை உணர வேண்டுமானால் நம் நிலைமையை நேர்கொண்டு பார்க்க வேண்டும். 2010ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவோர் 3.3 விழுக்காட்டினர். 2020இல் அது 2.5 விழுக்காடாகக் குறைந்தது. அதே பத்தாண்டுகளில் ஆங்கிலம் 32.3 விழுக்காட்டிலிருந்து 48.3 விழுக்காட்டிற்கு உயர்ந்தது. தமிழ் வீட்டைவிட்டு வெளியேறித் தேர்வுத்தாளுக்குள் ஒடுங்கிக்கொண்டிருக்கிறது. இந்நிலையில், யாரும் மதிப்பெண் தராத ஒன்றை ஓர் இளைஞன் தன் விருப்பத்தால் தமிழில் செய்கிறான் என்றால், அவனை நாம் தேடிச்சென்று போற்ற வேண்டாமா?

"அவர்கள் தமிழில் பிழை மலிந்திருக்கிறதே, ஆங்கிலம் கலக்கிறார்களே" என்பது முதல் மறுப்பு. தமிழாசிரியர்கள் மறக்கக்கூடாத நிகழ்ச்சி ஒன்று உண்டு. கோபாலகிருஷ்ண பாரதியார் தம் நந்தனார் சரித்திரக் கீர்த்தனைக்குச் சிறப்புப்பாயிரம் வேண்டி மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையை நாடினார். நூலில் இலக்கண வழுக்கள் இருப்பதாகக் கருதிய பிள்ளை, நாள் கடத்தினார். ஒருநாள் திண்ணையில் காத்திருந்த பாரதியார் தம் கீர்த்தனைகளைப் பாடத் தொடங்கினார். அதனைக் கேட்டு உள்ளம் உருகிய பிள்ளை, பாயிரம் அளித்தார். ஏட்டில் கண்டபோது பிழையாகத் தெரிந்தது, நேரில் கேட்டபோது பாட்டாகத் தெரிந்தது! அத்தகைய பெரும்புலவரே செவிகொடுத்துக் கேட்டபின் மனம் மாறினார். நாமோ கேட்பதற்கு முன்பே தீர்ப்பெழுதுகிறோம்.

மேலும், ஆங்கிலம் கலந்த திரைப்பாடல்களுக்குப் பள்ளிமேடையில் நடனமாட அனுமதிக்கும் நமக்கு, இவர்களிடம் மட்டும் தூய்மை பேச என்ன தகுதி இருக்கிறது? 2005இல் தமிழ்மொழிப் பாடத்திட்டத்தை மறுஆய்வு செய்த குழு, பேச்சுத்தமிழை வகுப்பறைக்குள் கொண்டுவரப் பரிந்துரைத்தது. வகுப்பில் வரவேற்கும் பேச்சுத்தமிழைப் பாட்டில் கண்டதும் விரட்டுவது முறையா?

"கிட்டாரும் டிரம்சும் நம் மரபா?" என்பது இரண்டாவது மறுப்பு. வயலின் மேலைநாட்டிலிருந்து வந்ததுதான். பாலுசுவாமி தீட்சிதர் போன்றோர் அதனைக் கற்று நம் இசைக்கு உரியதாக்கினர். இன்று வயலின் இல்லாத கச்சேரியை நினைத்துப் பார்க்க முடிகிறதா? தொல்காப்பியர் செய்யுளுக்குரிய வனப்புகள் எட்டனுள், புதிதாகப் புனைவதற்கு 'விருந்து' என்று பெயரிட்டார். புதியதை விருந்தாக வரவேற்றது நம் இலக்கணம்.

மூன்றாவது மறுப்பு, "இதனால் என்ன பயன்?" என்பது. அண்டை நாடான மலேசியாவைப் பாருங்கள். யோகி பி, நட்சத்திரா குழுவினர் 2006இல் 'வல்லவன்' தொகுப்பை வெளியிட்டபோது, தமிழில் ராப் பாடலாம் என்னும் நம்பிக்கை கடல்கடந்து சென்னை வரை சென்றது. சென்னையில் 2018 ஜனவரியில் 'காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு முதன்முதலாக மேடையேறியது. அயோத்திதாசப் பண்டிதரின் சாதியற்ற தமிழர் என்னும் சிந்தனையிலிருந்து தன் பெயரைப் பெற்ற குழு அது. திரைப்பாடல் சொல்லத் தயங்கும் செய்திகளைக் கானாவும் ராக்கும் கலந்து உரக்கச் சொன்னது. எவருடைய கதைக்காகவும் அன்றித் தன் கதையைத் தானே பாடுவதுதான் சுயாதீன இசை.

சிங்கப்பூர்த் தமிழனுக்கும் சொந்தக் கதை உண்டு. அடுக்குமாடி வீடு, தேசிய சேவை, தேக்கா சந்தை, எம்ஆர்டி பயணம், மலாய், சீன நண்பர்கள் இவற்றையெல்லாம் எந்தக் கோடம்பாக்கத்துப் பாடலாசிரியர் நமக்காக எழுதப்போகிறார்? ஜேசுதாசன் 'முன்னேறு வாலிபா'வை இங்கேதான் இயற்றினார். 2005இல் வசந்தம் ஸ்டார் போட்டியில் வென்ற ஷபீர், 2012இல் 'சிங்கை நாடு' தந்தார். தேசிய தினத்தன்று இப்பாடல்களைப் பெருமையுடன் பாடுகிறோம். மற்ற நாள்களில் அவர்கள் வழியில் வரும் இளையரைப் பாராமல் இருக்கிறோம்.

ஆகவே ஆசிரியர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். அடுத்த தமிழ்மொழி விழாவில் திரைப்பாடல் போட்டி ஒன்றை நிறுத்திவிட்டு, மாணவர்கள் தாமே எழுதி மெட்டமைத்த பாட்டுக்கு அந்த நேரத்தைக் கொடுங்கள். பிழை இருந்தால் மேடைக்குப் பின்னால் திருத்துங்கள். மேடையேறும் வாய்ப்பை மறுக்காதீர்கள். உள்ளூர்க் குழுவினரை வகுப்பறைக்கு அழைத்து, ஒரு பாட்டு எப்படிப் பிறக்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லச் செய்யுங்கள்.

பெற்றோர்களே, துணைப்பாட வகுப்புக்குப் பிள்ளையை அழைத்துச் செல்லும் நீங்கள், ஆண்டில் ஒரு மாலை அவர்களோடு எஸ்பிளனேட் வெளியரங்குக்குச் செல்லுங்கள். அவர்களைத் தனியே அனுப்பிவிட்டு உணவங்காடியில் காத்திருக்காமல் பக்கத்தில் அமர்ந்து கேளுங்கள். பிடிக்காவிட்டால் வீடு திரும்பும் வழியில் பிள்ளையுடன் வாதிடுங்கள். ஒன்றே ஒன்று, அந்த வாதத்தைத் தமிழில் நடத்துங்கள்.