லட்ச ரூபாய் ஸ்பீக்கர்... ஆனா டெமோ கிடையாது! ஹை-எண்ட் ஆடியோ கடைகளில் என்ன பிரச்சினை, சட்டம் எங்கே கைகொடுக்கும்?

2018 டிசம்பர். பாலிவுட் நடிகை சோனாக்‌ஷி சின்ஹா, அமேசானில் 18,000 ரூபாய்க்கு போஸ் ஹெட்போன் ஆர்டர் செய்தார். சீல் பிரிக்காத பெட்டி வந்தது. திறந்து பார்த்தால் உள்ளே இரும்புத் துண்டு! படத்தோடு ட்விட்டரில் பதிவிட்ட அவர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு உதவக்கூட முன்வராததுதான் இன்னும் மோசம் என்று ஆதங்கப்பட்டார். விஷயம் வைரலானது. நிறுவனம் மன்னிப்பு கேட்டது.

லட்சக்கணக்கில் ஃபாலோயர்கள் இருந்தால் பதில் உடனே வரும். இ.எம்.ஐ. போட்டு ஆம்ப்ளிஃபயர் வாங்கும் சாதாரண ஆளுக்கு?

கடைக்குள் நடப்பது என்ன?

டி-ஷர்ட், பேக்பேக் சகிதம் ஒரு இளைஞர் ஆடியோ ஷோரூமுக்குள் நுழைகிறார். முதல் கேள்வியே, "பட்ஜெட் எவ்ளோ சார்?" அடுத்தது, "இன்னைக்கே வாங்குறீங்களா, சும்மா விசாரிக்க வந்தீங்களா?" கேட்ட மாடலின் டெமோ இருக்காது, 'ஆர்டர் கொடுத்தா வரவழைச்சுத் தர்றோம்' என்பார்கள். அதற்கும் அட்வான்ஸ் கட்ட வேண்டும். வாங்கிய பிறகு ஒரு பக்கத்து ஸ்பீக்கரில் கரகரவென்று சத்தம் வந்தால், 'கம்பெனிக்கு மெயில் போடுங்க சார்' என்பதோடு கடையின் வேலை முடிந்துவிடும்.

விலையுயர்ந்த ஆடியோ கருவி வாங்கப் போனவர்களுக்கு இதில் ஏதாவது ஒன்றாவது பழகியிருக்கும்.

கேட்டுப் பார்க்காமல் வாங்கினால் என்ன?

போன் வாங்க ஸ்பெக் ஷீட் ஓரளவு போதும். ஸ்பீக்கருக்குப் போதாது. ஒரு உதாரணம்: '50 வாட்ஸ் ஆம்ப் வேணாம் சார், 100 வாட்ஸ் எடுங்க' என்பது கடைகளில் வழக்கமான பேச்சு. ஆனால், வாட்ஸை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. காதுக்கு அது 'கொஞ்சம் அதிகம்', அவ்வளவுதான். சத்தம் இரண்டு மடங்காகத் தோன்ற சுமார் 10 டெசிபல் கூட வேண்டும். அதற்கு 10 மடங்கு பவர் தேவை. அதேநேரம் 87 டெசிபல் சென்சிட்டிவிட்டி கொண்ட ஸ்பீக்கருக்குப் பதில் 90 டெசிபல் ஸ்பீக்கரை எடுத்தால், பாதி பவரிலேயே அதே சத்தம் கிடைத்துவிடும்.

போதாக்குறைக்கு, அறையின் அளவு, சுவர், தரை எல்லாமே ஒலியை மாற்றும். ஷோரூமில் அதிர்ந்த பேஸ், வீட்டு ஹாலில் குழகுழவென்று கேட்கலாம். இதையெல்லாம் பொறுமையாக விளக்கும் ஆளுக்கும், கேட்டுப் பார்க்கும் அறைக்கும் சேர்த்துத்தான் ஹை-எண்ட் விலையைக் கொடுக்கிறோம். அந்த இரண்டும் கிடைக்காவிட்டால், விலை மட்டும்தான் ஹை-எண்ட்.

கடைக்காரர் தரப்பு

அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. டெமோ பீஸ் ஒவ்வொன்றும் முடங்கிக் கிடக்கும் முதல். பெட்டி பிரித்ததைப் புதிய விலைக்கு விற்கவும் முடியாது. இரண்டு மணி நேரம் உட்கார்ந்து கேட்டுவிட்டு, வீட்டுக்குப் போய் ஆயிரம் ரூபாய் குறைவு என்று ஆன்லைனில் வாங்குபவர்களும் உண்டு. அந்த அனுபவத்தில்தான் ஆளைப் பார்த்து எடை போடும் பழக்கம் வருகிறது.

பழுதுக்கும் ஒரு காரணம் உண்டு. வெளிநாட்டு ப்ராண்டுகள் பல இங்கே நேரடியாக இல்லை. இறக்குமதி செய்யும் விநியோகஸ்தர் வழியாகத்தான் வருகின்றன. உதிரிபாகத்துக்கு டீலர் விநியோகஸ்தரையும், அவர் வெளிநாட்டு நிறுவனத்தையும் எதிர்பார்க்க வேண்டும். ப்ராண்டுகளும் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. டெனான், மராண்ட்ஸ், பவர்ஸ் அண்ட் வில்கின்ஸ் ஆகியவற்றை வைத்திருந்த சவுண்ட் யுனைடெட், 2025-ல் சாம்சங்கின் துணை நிறுவனமான ஹார்மன் வசம் போனது. உரிமையாளரோ விநியோகஸ்தரோ மாறினால், 'பழைய வாரன்டியை யார் பார்ப்பது?' என்ற கேள்வி வரும். அதை வாங்கும்போதே கேட்டு வைப்பது நல்லது.

'பில் வேணாம்னா குறைச்சுத் தர்றேன்'

சிக்கல் பெரிதாவது இங்கேதான். அதிகாரபூர்வ வழியில் வராத 'கிரே மார்க்கெட்' சரக்கு விலை குறைவாக இருக்கும். ஆனால், இந்திய விநியோகஸ்தர் அதற்கு வாரன்டி தர மறுக்கலாம். அமெரிக்கச் சந்தைக்கான ஆம்ப்ளிஃபயர் 120 வோல்ட்டுக்கு மட்டும் செய்யப்பட்டிருந்தால், நம் வீட்டு 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகியதும் கருகிவிடும்.

கண்டுபிடிக்க எளிய வழி, பெட்டியில் ஒட்டியிருக்கும் லேபிள். சில்லறை விற்பனைக்கு வரும் இறக்குமதிப் பொருளின் பெட்டியில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, எம்.ஆர்.பி. இருக்க வேண்டும் என்கின்றன 2011-ம் ஆண்டின் சட்ட அளவியல் விதிகள். அது இல்லாவிட்டால் உஷார்.

சட்டம் எங்கே தொடங்குகிறது?

2020 ஜூலையில் அமலுக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி, பணம் கொடுத்தோ, கொடுப்பதாக ஒப்புக்கொண்டோ பொருள் வாங்குபவர்தான் 'நுகர்வோர்'. அதாவது, டெமோ தரவில்லை, முகம் கொடுத்துப் பேசவில்லை என்பதற்காக மட்டும் ஆணையத்தின் கதவைத் தட்ட முடியாது. எழுந்து வேறு கடைக்குப் போவதுதான் ஒரே ஆயுதம்.

பணம் கட்டிய பிறகு கதை மாறும்:

* பில் தர மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை.

* குறைபாடுள்ள பொருளை, பில்லில் சொன்ன காலத்துக்குள் திரும்பப் பெற மறுப்பதும் அப்படியே. காலம் குறிப்பிடப்படவில்லை என்றால் 30 நாள். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்ற போர்டு இதற்குச் செல்லாது. ஆனால், சவுண்ட் பிடிக்கவில்லை என்பது குறைபாடு ஆகாது.

* ஆன்லைன் நிறுவனங்களின் குறைதீர் அலுவலர், புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்கின்றன 2020-ம் ஆண்டின் இ-காமர்ஸ் விதிகள்.

ஒரு விதிவிலக்கு: வணிக நோக்கத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக வாங்கியவருக்கு மட்டும் விலக்கு உண்டு.

புகார் எப்படிக் கொடுப்பது?

முதல் படி, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம். நிறுவனத்தோடு பேசித் தீர்க்க முயல்வார்கள். தீர்ப்பு சொல்லும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை.

அங்கே நடக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் இங்கேயே மனு போடலாம். 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. கடை மும்பையில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம். பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு ஆண்டுகள்தான் கெடு.

பொருளைப் பரிசோதிக்கத் தேவையில்லாத வழக்கை 3 மாதத்திலும், தேவைப்படும் வழக்கை 5 மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் வழக்குகள் அதையும் தாண்டி இழுக்கும். அதனால்தான் ஆதாரம் முக்கியம்.

கார்டைத் தேய்க்கும் முன்...

1. வாரன்டி கொடுப்பது கடையா, விநியோகஸ்தரா, ப்ராண்டா? அந்த ப்ராண்டின் இணையதளத்தில் இந்தக் கடை டீலர் பட்டியலில் இருக்கிறதா?

2. சர்வீஸ் எங்கே நடக்கும்? 30 கிலோ ஸ்பீக்கரை அனுப்பும் செலவு யாருடையது?

3. சீரியல் நம்பரோடு ஜி.எஸ்.டி. பில் கிடைக்குமா?

4. அட்வான்ஸ் கட்டினால், பொருள் வராவிட்டாலோ தாமதமானாலோ பணம் எப்போது திரும்பும்?

பதில்களை வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ வாங்கிவிடுங்கள். வாய்வார்த்தை நாளைக்கு நிற்காது. ஆன்லைனில் வாங்கினால் ஓபன் பாக்ஸ் டெலிவரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பெட்டியைப் பிரிப்பதை முழுதாக வீடியோ எடுங்கள்.

பணம் கையில் இருக்கும்வரைதான் கடைக்காரர் உங்கள் பேச்சைக் கேட்பார். கட்டிய பிறகு, உங்களுக்காகப் பேசப் போவது அந்த பில்லும் மெசேஜும்தான்.