காற்றுவாக்கில் ஒரு சேதி

கெட்ட சேதியில் இரண்டு வகை உண்டு. சம்பந்தப்பட்டவரே எதிரே உட்கார்ந்து, முகத்தைப் பார்த்துச் சொல்வது முதல் வகை. இரண்டு நாள் அழுகை, ஒரு வாரம் தாடி, அப்புறம் பசிக்க ஆரம்பித்துவிடும். அதே சேதி ஊரெல்லாம் சுற்றி, நாலு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எழுந்து, கடைசியாக நம் காதுக்கு வந்து சேர்வது இரண்டாவது வகை. இதில் துக்கத்தோடு அவமானமும் இலவச இணைப்பு. 'எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, நான் மட்டும்தான் பேக்கு!'

இந்த இரண்டாவது வகையை மட்டும் வைத்து 1966-ல் அமெரிக்காவில் ஒரு பாட்டு எழுதினார்கள். 'ஐ ஹேர்ட் இட் த்ரூ த கிரேப்வைன்.' கிரேப்வைன் என்றால் திராட்சைக் கொடி. 'திராட்சைக் கொடி மூலம் கேள்வியுற்றேன்' என்று மொழிபெயர்த்தால் கேட்பவர் எழுந்து போய்விடுவார். 'காற்றுவாக்கில் காதில் விழுந்தது' என்று வைத்துக்கொள்ளுங்கள், சரியாக இருக்கும். அங்கே தந்திக் கம்பி வந்த 19-ம் நூற்றாண்டில், கம்பியில் வராமல் வாய்வழியாகவே பரவும் சேதியை 'திராட்சைக் கொடித் தந்தி' என்றார்கள். அடிமைகளாக இருந்த கறுப்பின மக்களுக்கு நாட்டு நடப்பெல்லாம் தெரியவந்தது இந்தத் தந்தியில்தான். ஆக, அந்த வார்த்தைக்குள்ளேயே ஒரு சரித்திரம் இருக்கிறது.

எழுதியவர்கள் இரண்டு பேர். பாரெட் ஸ்ட்ராங், நார்மன் விட்ஃபீல்ட். இருவரும் டெட்ராய்ட் நகரத்து 'மோடவுன்' இசைத்தட்டுக் கம்பெனிக்காரர்கள். பாட்டின் விஷயம் ஒரு வரிக்குள் அடங்கிவிடும். மனசுக்குப் பிடித்தவர் பழைய காதலிடமே திரும்பப் போகிறார், அதை அவர் வாயால் சொல்லவில்லை, ஊர் சொல்கிறது. அவ்வளவுதான் கதை. இதை ஆளாளுக்கு எப்படிப் பாடினார்கள் என்பதுதான் சுவாரஸ்யம்.

அதற்கு முன் கம்பெனியைப் பற்றிக் கொஞ்சம். மோடவுனை 1959-ல் ஆரம்பித்த பெர்ரி கார்டி, அதற்கு முன்னால் கார் ஃபாக்டரியில் வேலை பார்த்தவர். குடும்பத்தில் 800 டாலர் கடன் வாங்கித் தொழில் தொடங்கினார். மேற்கு கிராண்ட் புலிவார்டில் ஒரு சாதாரண வீடு, அதில் ஸ்டூடியோ. கார் ஃபாக்டரியில் வண்டி வெளியே வருமுன் செக்கிங் பண்ணுவார்கள் இல்லையா? அதேபோல் இங்கே பாட்டுக்கு வாராவாரம் 'தரக் கட்டுப்பாட்டு மீட்டிங்'. பசிக்கிறது, கையில் இருப்பது ஒரே ஒரு டாலர், இதற்கு இந்த இசைத்தட்டை வாங்குவாயா, சாண்ட்விச் வாங்குவாயா? கார்டி கேட்கும் கேள்வி இது. சாண்ட்விச் ஜெயித்தால் பாட்டு அலமாரிக்குப் போய்விடும்!

நம்ம திராட்சைக் கொடிக்கு என்ன ஆச்சு? 1966-ல் ஸ்மோக்கி ராபின்சனின் 'மிரக்கிள்ஸ்' குழு முதலில் பாடியது. ராபின்சனுக்குத் தேன் குரல். துரோகத்தைக்கூட இனிப்பாகச் சொல்லக்கூடிய மனிதர். மீட்டிங்கில் தள்ளுபடி. அலமாரி.

விட்ஃபீல்ட் விடுவதாக இல்லை. அடுத்து மார்வின் கேயைப் பிடித்தார். 1967 பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை இழுத்தது வேலை. மார்வினுக்குச் சௌகரியமான ஸ்தாயிக்கு மேலே சுருதியை வைத்துவிட்டு, 'பாடு' என்றார். இருவருக்கும் வாக்குவாதம். கடைசியில் மார்வின் எட்டி எட்டித்தான் பாடினார். எட்டாததை எட்டும்போது குரலில் ஒரு தவிப்பு வருமே, விட்ஃபீல்டுக்கு வேண்டியதே அதுதான். மீட்டிங்கில் மறுபடி தள்ளுபடி. இத்தனைக்கும் மார்வின் யார் என்கிறீர்கள்? கார்டியின் அக்கா அன்னாவைக் கல்யாணம் பண்ணிக்கொண்டவர். முதலாளிக்கு அக்கா புருஷனாக இருந்தும் அலமாரிதான்!

வேறு யாராவது என்றால் இந்த இடத்தில் தலையில் அடித்துக்கொண்டு வேறு பாட்டு எழுதப் போயிருப்பார்கள். விட்ஃபீல்ட் மூன்றாவது ஆளைத் தேடினார். கிளாடிஸ் நைட், கூடவே அவருடைய அண்ணனும் உறவுக்காரப் பையன்களும் சேர்ந்த 'பிப்ஸ்' குழு. அரீதா ஃபிராங்க்ளினின் 'ரெஸ்பெக்ட்' அமெரிக்காவைக் கலக்கிக்கொண்டிருந்த வருஷம் அது. அதைத் தூக்கிச் சாப்பிட வேண்டும் என்று விட்ஃபீல்டுக்கு ஆசை. மெட்டை வேகமாக்கினார். பிப்ஸ் வாரக்கணக்கில் உட்கார்ந்து ஒத்திகை பார்த்தார்கள். 1967 செப்டம்பரில் தட்டு வெளிவந்தது. கம்பெனி பெரிதாக ஆர்ப்பாட்டம் பண்ணவில்லை. பாடியவர்களே தங்களுக்குத் தெரிந்த ரேடியோக்காரர்களைப் பிடித்துப் போடச் சொன்னார்கள். டிசம்பரில் அது அமெரிக்காவில் 2-ம் இடம். முதலிடத்தை மறித்துக்கொண்டு நின்றவர்கள் 'மங்கீஸ்' என்ற பெயருள்ள கோஷ்டி. 25 லட்சம் தட்டு விற்றது. மோடவுனில் அதுவரை அவ்வளவு விற்ற பாட்டு கிடையாது.

ஆச்சா? கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஒரு வருஷம் கழித்து, 1968 ஆகஸ்டில், மார்வின் கேயின் ஆல்பம் ஒன்று வந்தது. அலமாரியில் தூங்கிய அந்தப் பழைய பதிவையும் ஒரு மூலையில் செருகியிருந்தார்கள். ரேடியோக்காரர்கள் அதைக் கண்டுபிடித்துப் போட ஆரம்பித்தார்கள். கேட்டவர்கள் கடையில் போய்த் தனித் தட்டு கேட்டார்கள். கார்டி வேறு வழியில்லாமல் அக்டோபர் கடைசியில் வெளியிட்டார். டிசம்பரில் முதலிடம். ஒரு வாரம் இரண்டு வாரம் இல்லை, 7 வாரம்! கிளாடிஸின் விற்பனை ரிக்கார்டும் போயிற்று. என் போன்ற பி.காம். ஆசாமிகளுக்கு ஆச்சரியமே இதுதான். பழைய ஸ்டாக் என்று எழுதித் தள்ளிய சரக்கு, அதே கடையில், அதே ஜனங்களிடம், ஏற்கெனவே அவர்கள் வாங்கி வைத்திருந்த பாட்டாகவே, இன்னொரு முறை விற்றிருக்கிறது.

ஏன்? இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் தெரியும்.

கிளாடிஸ் பாடும்போது விசாரணை முடிந்துவிட்டது. அந்த அம்மாவுக்குச் சேதி வந்தாயிற்று, நம்பியாயிற்று, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறார். டிரம்ஸ் தட்டுகிற தட்டில் கதவு அதிர்கிறது. பின்னால் பிப்ஸ் பையன்கள் சேர்ந்து பாடுவது ஆறுதல் மாதிரி இருக்காது. 'ஆமாம், நாங்களும் கேள்விப்பட்டோம்' என்று பஞ்சாயத்தில் சாட்சி சொல்வது மாதிரி இருக்கும். சர்ச்சில் ஆண்டவனைப் பார்த்துப் பாடுகிற ஆவேசத்தைக் காதலனைப் பார்த்துத் திருப்பினால் அதுதான் 'சோல்' இசை. கிளாடிஸ் நாலு வயசிலிருந்து பாடியது சர்ச்சில். குரலில் தீர்ப்பு இருப்பதில் வியப்பில்லை.

மார்வினிடம் தீர்ப்பு இல்லை. சந்தேகம்தான். எலெக்ட்ரிக் பியானோ இருட்டில் நடந்து வருகிறமாதிரி ஆரம்பிக்கும். கூடவே சலங்கை குலுக்கல். டெட்ராய்ட் சிம்பனிக்காரர்களின் வயலின்கள் பாம்பு படமெடுப்பதுபோல் மெள்ள எழும். 'ஆண்டான்டெஸ்' என்ற மூன்று பெண்களின் குரல் பின்னால் கேட்கும்போது, மாடியில் யாரோ நம்மைப் பற்றிக் கிசுகிசுப்பதுபோல இருக்கும். மார்வின் இன்னும் அந்தச் சேதியை முழுக்க நம்பவில்லை. 'பொய் என்று சொல்லிவிடேன்' என்று கெஞ்சுவதற்கு முன்னால் ஒரு நொடி வருமே, மூன்றே கால் நிமிஷமும் அந்த நொடியிலேயே நிற்கிறார். கிளாடிஸ் கேட்டால் ஆட வரும். மார்வின் கேட்டால் விளக்கைப் போட்டுக்கொள்ளத் தோன்றும்.

இதில் எது ஒஸ்தி? ஊர் ஓட்டு மார்வினுக்கு. என் ஓட்டும் அவருக்கே. ஆனால் கிளாடிஸுக்கு நடந்தது அநியாயம் என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். அவர் தட்டு 25 லட்சம் விற்றிராவிட்டால் அலமாரிப் பக்கம் யாரும் திரும்பிப் பார்த்திருப்பார்களா? அவர் வெட்டிய பாதையில் மார்வின் கார் ஓட்டிப் போனார். இன்றைக்குப் பாட்டின் பெயரைச் சொன்னால் கிளாடிஸ் முகம் ஞாபகம் வருபவர்கள் சொற்பம்.

மற்றவர்களும் சும்மா இருக்கவில்லை. 1970-ல் 'கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல்' என்ற கலிபோர்னியா ராக் குழு 11 நிமிஷத்துக்கு இழுத்தது. சேதி கேட்டவன் கோபத்தில் காரை எடுத்துக்கொண்டு ஹைவேயில் போய்க்கொண்டே இருக்கிற மாதிரி இருக்கும். நடுவில் பாட்டே கிடையாது, கிடார்தான். 1979-ல் இங்கிலாந்தின் 'ஸ்லிட்ஸ்' பெண்கள் துரோகத்தையே கேலிப்பொருள் ஆக்கினார்கள். ஒரு சொல்லை மாற்றி, சேதி பேஸ் கிடார் வழியாக வந்ததாகப் பாடிவிட்டார்கள். அழுகிற பாட்டில் சிரித்துக்கொண்டே கலாட்டா. 1986-ல் வந்ததுதான் உச்சம். திராட்சைக் கொடி என்று பெயர் இருக்கிறதே, விடுவார்களா? கலிபோர்னியா உலர்ந்த திராட்சை விளம்பரத்துக்குப் பாட்டைப் பிடித்துப் போட்டார்கள். களிமண் பொம்மைத் திராட்சைகள் ஷூ போட்டுக்கொண்டு வரிசையாக ஆடின. குரல், ஜிமி ஹெண்ட்ரிக்ஸோடு வாசித்த டிரம்மர் பட்டி மைல்ஸ். அந்தத் தலைமுறைக் குழந்தைகளுக்கு இது காதல் தோல்விப் பாட்டு என்றே தெரியாது. பாயசத்தில் போடும் சாமான் பாட்டு!

கடைசியாக ஒன்று. மார்வினின் பாட்டு நம்பர் ஒன்றாக இருந்த அந்த டிசம்பரில் அவர் கொண்டாடும் மனநிலையில் இல்லை. அவரோடு ஜோடிப் பாட்டுகள் பாடிப் பேர் வாங்கிய டாம்மி டெரல், 1967 அக்டோபரில் மேடையிலேயே அவர் கையில் மயங்கி விழுந்திருந்தார். மூளையில் கட்டி. 1970 மார்ச்சில், 24 வயதில், அந்தப் பெண் போய்விட்டார். மார்வின் 1984 ஏப்ரல் 1 அன்று, 45-வது பிறந்தநாளுக்கு முந்தின நாள், பெற்ற தகப்பனின் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானார். அந்தத் துப்பாக்கி அவரே வாங்கிக் கொடுத்தது. இதெல்லாம் தெரிந்த பிறகு அந்தப் பாட்டைக் கேட்டால், எட்டி எட்டிப் பிடித்த அந்த மேல் ஸ்தாயி வேறு மாதிரி காதில் விழுகிறது. அவர் பாடியது 1967-ல், இது எதுவும் நடப்பதற்கு முன்னால். அது தெரிந்தும் காது கேட்க மாட்டேன் என்கிறது.

இனி கேட்கப் போகிறவர்களுக்கு ஒரு சின்ன யோசனை. முதலில் கிளாடிஸ், அடுத்து மார்வின், நேரம் இருந்தால் கிரீடன்ஸ். திராட்சைப் பொம்மைகளை மட்டும் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் அதைப் பார்த்துவிட்டால், அப்புறம் மார்வின் எவ்வளவு உருகினாலும் உங்கள் கண்ணுக்கு ஷூ போட்ட திராட்சைதான் தெரியும்.